மணி சுற்றிய கரண்டியில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கரண்டிக் காம்பு, முள்கரண்டி, பரிமாறும் ஸ்பூன், கண்ணாடிக் கோப்பையின் தண்டு என்று எதில் வேண்டுமானாலும் கம்பியில் பாசிமணி கோத்துச் சுற்றலாம். தட்டையான காம்பில் முகப்புறத்தில் மணி வரி வரியாக நிற்கும், முதுகில் வெறுங்கம்பி மட்டும் ஓடும். ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. கோளாறெல்லாம் அப்புறம்தான் வரும். கழுத்தில் போடுகிற மணிமாலையை யாரும் சோப்புப் போட்டுத் தேய்ப்பதில்லை, சூடான பாத்திரத்துக்குள் விடுவதில்லை, இறுக்கிப் பிடித்துத் திருகுவதும் இல்லை. கரண்டிக்கு இந்த மூன்றும் தினமும் நடக்கிறது.

நான் முதன்முதலில் செய்தது ஆறு ஸ்பூன். தெரிந்தவர் வீட்டுக்குக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் நான்கு திரும்பி வந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயோடு. மணி மட்டம் என்று அன்றைக்குத் திட்டித் தீர்த்தேன். பிரித்துப் பார்த்தால் நான்கிலும் தவறு கம்பியில்தான் இருந்தது. மணி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பழியும் அதன்மேல் விழுகிறது. ஆகவே கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும், ஸ்பூனைத் திருப்பி முதுகுப்புறத்தில் ஓடும் வெறுங்கம்பியை முதலில் பாருங்கள்.

பிரிப்பதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: கம்பி எவ்வளவு தடிமன், அது என்ன உலோகம், அந்தப் பொருளை எப்படிக் கழுவுகிறார்கள். தடிமனை மில்லிமீட்டரில் அளப்பது நல்லது. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 24 கேஜ் என்பது அமெரிக்க அளவில் 0.51 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் அளவில் 0.56. எந்த அளவு என்று உறையில் எழுதாமல் விட்டுவிடுவதும் உண்டு. நான் இங்கே சொல்லும் எண்கள் அமெரிக்க அளவு. காம்பு சுற்ற எனக்கு 24 தான் கைவந்தது. 26 விரலுக்கு இதமாக வளையும், ஆனால் பிடிமானம் குறைவு. 20 கேஜ் கம்பியோ 0.8 மில்லிமீட்டர், சின்ன மணியின் துளைக்குள் நுழையவே மல்லுக்கட்டும்.

அறிகுறி: சுற்று முழுவதும் காம்பில் சுழல்கிறது, அல்லது நழுவி இறங்குகிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கையால் ஸ்பூனின் குழியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மணிப் பகுதியை ஜாடி மூடி திறப்பது போல் மெல்லத் திருகுங்கள். என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

மொத்தமும் ஒரே உருளையாகச் சுழன்றால் அடிச்சுற்று பிடிக்கவில்லை என்று அர்த்தம். மணியோடு சேர்த்தே முதல் சுற்றைத் தொடங்கியிருப்பீர்கள். மணி காம்பைத் தொடுவது ஒரு புள்ளியில்தான். வெறுங்கம்பி சுற்றியபடி முழுக்கத் தொடும். வழுவழுப்பான எஃகில் பிடிப்புக் கொடுப்பது அந்த வெறுஞ்சுற்றுகள்தான். இதற்குச் சுருக்குவழி கிடையாது, பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும். காம்பை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள். புது ஸ்பூனில் மெருகு போட்ட எண்ணெய்ப்பசை கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும், கைவியர்வையும் சேர்ந்துகொள்ளும். வெறும் எஃகு என்றால் முதுகுப்புறத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்துக்கொள்ளலாம். வெள்ளி முலாம் பூசியதில் அதைச் செய்யாதீர்கள், முலாம் போய்விடும்.

பிறகு கம்பியின் நுனியில் 3 சென்டிமீட்டர் விட்டு, அந்த நுனியைக் காம்பின் முதுகில் நீளவாக்கில் படுக்க வையுங்கள். அதன் மேலேயே நான்கு வெறுஞ்சுற்று, ஒன்றோடொன்று உரசும்படி நெருக்கமாக. அதற்குப் பிறகு மணி கோத்த வரிகள் வரட்டும்; அவையும் அந்த நுனியின் மேலேயே ஏறிப் போகட்டும். நுனி உள்ளே சிறைப்பட்டுவிடும். எல்லாம் முடிந்தபின் நுனியைத் தேடிப்பிடித்துச் செருகுவது வேறு, தொடக்கத்திலேயே மிதித்துக்கொண்டு போவது வேறு. முதலாவது கழன்று வரும்.

சுழலவில்லை, ஆனால் குழிப்பக்கமாக நழுவுகிறது என்றால் காரணம் காம்பின் வடிவம். பெரும்பாலான ஸ்பூன்களில் கழுத்து ஒல்லி, நுனி அகலம். அகலமான பக்கத்திலிருந்து சுற்றத் தொடங்கினால் ஒவ்வொரு சுற்றும் ஒல்லியான பக்கம் சறுக்கப் பார்க்கும், வரிகளுக்கிடையே இடைவெளி விழும். கழுத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்த சுற்று முந்தைய சுற்றின் தோளில் சாயும், சாயச் சாய இறுகும்.

கீழ்ப்பாதி அசையவில்லை, மேல்பாதி மட்டும் ஆடுகிறதா? பிரிக்க வேண்டாம், நல்ல செய்தி. நடுவில் எங்கோ கை தளர்ந்திருக்கிறது. ஸ்பூனைத் திருப்பி, முதுகில் ஓடும் கம்பிகளை ஒவ்வொன்றாக மூக்கு பிளையரின் நுனியால் பிடித்து இம்மியளவு திருகுங்கள். கம்பியில் சின்ன நெளிவு விழும். நெளிந்த அளவுக்குக் கம்பி குறுகும், சுற்று இறுகும். எல்லா வரியிலும் நெளிவை ஒரே இடத்தில் வைத்தால் பார்ப்பதற்கு வேலைப்பாடு போலவே இருக்கும். எனக்கு இது தற்செயலாகக் கிடைத்த நன்மை. இப்போது ஆடாத ஸ்பூனிலும் அழகுக்காகப் போடுகிறேன். ஒரு கம்பியில் ஒரு முறை மட்டுமே. இரண்டாம் முறை திருகினால் உடைந்துவிடும்.

இதற்குப் பசையைக் கொண்டு வராதீர்கள். மேலே ஊற்றும் பசை மணிகளை ஒன்றோடொன்று ஒட்டும், காம்போடு ஒட்டாது. அப்புறம் ஒட்டிய உருளை அப்படியே சுழலும், பிரிக்கவும் முடியாது. வைத்தே ஆக வேண்டும் என்றால் அடிச்சுற்றுக்குக் கீழே, இரண்டு கலவை எபாக்சி, ஊசிமுனையளவு. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை விட மெதுவாக இறுகும் வகைதான் தண்ணீரைத் தாங்கும். 24 மணி நேரம் தொடாமல் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: மணிகள் பக்கவாட்டில் வழிந்து, முதுகுக்கு ஓடுகின்றன

கணக்குப் பிசகு. 11/0 அளவு மணி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 8/0 ஏறக்குறைய 3, 6/0 ஏறக்குறைய 4. காம்பு 10 மில்லிமீட்டர் அகலம் என்றால் 11/0 மணியில் வரிக்கு நான்கு போதும். இரு ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் காலியாக இருக்கட்டும். ஐந்து கோத்தால் முகம் நிரம்பினாற்போல் தெரியும், கை பட்டதும் ஒரு மணி விளிம்பில் ஏறி உட்காரும். விளிம்பில் உட்கார்ந்த மணி அடுத்த கழுவலில் உடையும்.

காம்பு ஒரே அகலத்தில் இருக்காது என்பதால் மணி எண்ணிக்கையும் மாறிக்கொண்டே போக வேண்டும்: கழுத்தருகே இரண்டு, நடுவில் மூன்று, நுனியில் நான்கு அல்லது ஐந்து. எண்ணிக்கை மாறும் இடத்தில் அரை மணி அளவு காலியாகத் தெரிந்தால் தெரியட்டும். அதை மறைக்கத்தான் எல்லோரும் கூடுதலாக ஒன்றைத் திணிக்கிறார்கள்.

உருண்டைக் காம்பில் முகம், முதுகு என்று எதுவும் இல்லை. அங்கே சுற்று முழுவதும் மணி கோர்ப்பதுதான் வழி. பாதி கோத்துவிட்டு அது ஒரு பக்கமாகவே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அறிகுறி: சுற்றும்போதே கம்பி முறிகிறது

உலோகத்தை வளைக்க வளைக்க அது விறைக்கும். செம்பும் பித்தளையும் இதில் மோசம்: புதிதாக இருக்கும்போது நூல் மாதிரி வளையும், அதே இடத்தில் நாலைந்து முறை நிமிர்த்தி வளைத்தால் சட்டென்று ஒடியும். முறிந்த இடத்தைப் பாருங்கள். அங்கே கம்பி முன்பு சுருக்கு விழுந்து நிமிர்த்தப்பட்டதா? அல்லது பிளையரின் பல் பதிந்த தடம் தெரிகிறதா? இந்த இரண்டில் ஒன்றுதான்.

நீளமான கம்பிதான் சுருக்கு விழும். தேவையை முன்கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டால் மூன்று மீட்டர் கம்பியோடு மல்லாட வேண்டியதில்லை. 10 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள காம்புக்குச் சுற்றளவு 24. மணி ஏறி உட்காருவதால் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 சென்டிமீட்டர் நீளத்துக்கு 11/0 மணியில் 36 வரி வரும். 36-ஐ 28-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் சொச்சம். வெறுஞ்சுற்றுக்கும் கையில் பிடித்துக்கொள்வதற்கும் 30 சென்டிமீட்டர் சேர்த்தால் 1.3 மீட்டர். அவ்வளவே.

சுருக்கு விழுந்தால் இழுத்து நிமிர்த்தாதீர்கள். வளையத்தைக் கையால் விரித்துத் திறந்து, நைலான் வாய் வைத்த பிளையரால் ஒரே ஒரு முறை நீவுங்கள். பல் இல்லாத வழவழப்பான பிளையர் கையில் இல்லையென்றால் இருக்கிற பிளையரின் வாயில் ஒட்டும் துணிப்பட்டையைச் சுற்றிக்கொள்ளுங்கள், போதும்.

முறிந்தே விட்டால், முறிந்த நுனியை முதுகுப்புறத்தில் வரும்படி இரண்டு வரி பிரித்து, காம்போடு நீளவாக்கில் படுக்க வைத்து, புதுக் கம்பியின் நுனியையும் அதன் அருகே எதிர்த்திசையில் வைத்து, இரண்டின் மேலும் சுற்றிக்கொண்டு போகலாம். முகத்தில் முடிச்சுப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது விரலில் குத்தும்.

அறிகுறி: மணி விரிசல் விடுகிறது, உதிர்கிறது

செய்து முடித்த அன்றே உடைந்தால் இழுவை அதிகம், அல்லது துளை நிறைந்துவிட்டது. 11/0 மணியின் துளை சுமார் 0.8 மில்லிமீட்டர்தான். 0.51 கம்பி ஒரு முறை போகும், இரண்டாம் முறை போகாது. இரண்டு தடவை ஓட வேண்டிய வேலை என்றால் 28 கேஜ், அதாவது 0.32 மில்லிமீட்டர்.

கழுவிய பிறகு உடைந்தால் மோதல் அல்லது வெப்பம். சூடான பாத்திரத்திலிருந்து எடுத்து நேராகக் குளிர்ந்த நீரில் போட்டால் கண்ணாடி மணிக்கு அது அடி. பிளாஸ்டிக் மணி உடையாது, ஆனால் கொதிநீரில் இளகி உருமாறும். அடுப்பருகே போகும் எதற்கும் பிளாஸ்டிக் மணி வேண்டாம்.

ஒரு மணிக்காக முழுவதையும் பிரிக்க வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்பாகக் கண்ணாடி அணிந்துகொண்டு, உடைந்த மிச்சத்தைத் துணியால் மூடி நொறுக்கி எடுத்துவிடுங்கள். 28 கேஜ் கம்பித்துண்டில் புது மணியைக் கோத்து, அந்த வரியின் கம்பியில் இருபுறமும் இரண்டிரண்டு சுற்று போட்டு நிறுத்துங்கள். அருகிலிருந்து பார்த்தால் தெரியும். சாப்பிடுகிறவர் அவ்வளவு அருகிலிருந்து பார்ப்பதில்லை.

அறிகுறி: விரலில் குத்துகிறது, துணியில் மாட்டுகிறது

கம்பி நுனி வெளியே வந்திருக்கிறது. கண்ணால் தேடினால் கிடைக்காது. பஞ்சை எடுத்து மணிப் பகுதி முழுக்க இரு திசையிலும் தேயுங்கள், நார் மாட்டும் இடத்தில்தான் நுனி. அதை வெட்டுவதற்கு முன் கட்டரின் பக்கத்தைப் பாருங்கள்: ஒரு பக்கம் வெட்டினால் மழுங்கலான தட்டை முனை, மறுபக்கம் வெட்டினால் ஆப்பு போன்ற கூர்முனை. தட்டை முனை கம்பியில் நிற்கும்படி பிடித்து வெட்டி, சின்ன அரத்தால் ஓரிரு முறை தடவி, இரண்டு மணிக்கு நடுவில் அமுக்கி விடுங்கள். முதுகில் அமுக்காதீர்கள், பிடிக்கும்போது விரல் அழுந்துவது அங்கேதான்.

அறிகுறி: நிறம் மாறுகிறது

எந்த நிறம் என்பதே நோயைச் சொல்லிவிடும்.

பச்சை என்றால் செம்பு. வண்ணக் கம்பி, வெள்ளிக் கம்பி என்று விற்பவற்றில் பெரும்பாலும் உள்ளே செம்புதான், மேலே மெல்லிய பூச்சு. பூச்சு தேய்ந்த இடத்தில் ஈரம் பட்டால் களிம்பு ஏறும். பாசிமணிக்கே பாசி பிடித்தது போல இருக்கும். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து உடனே கழுவி உலர்த்தினால் களிம்பு போகும், ஆனால் பூச்சு போன இடத்தில் திரும்ப வரும். அது முதுகில் சின்ன இடமாக இருந்தால் விட்டுவிடலாம். கழுத்துக்கருகில், உணவு படக்கூடிய இடத்தில் இருந்தால் பிரித்துவிடுங்கள். புளிப்பான உணவு செம்பைக் கரைக்கும், களிம்பு வயிற்றுக்கு ஆகாது.

கருப்பு என்றால் இரண்டு சாத்தியம். வெள்ளி அல்லது வெள்ளி முலாம் கந்தகத்தால் கறுக்கும், முட்டையும் வெங்காயமும் பட்டாலே போதும். மென்மையான வெள்ளி மெருகுத் துணி அதைச் சரியாக்கும். அலுமினியக் கம்பி சாம்பல் கலந்த கருப்பானால் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் போய் வந்திருக்கிறது. அந்தச் சோப்புத்தூளின் காரத்தன்மை அலுமினியத்துக்கு ஒத்துக்கொள்ளாது. துடைத்தால் போகாது.

செந்நிறத் துரு என்றால் யாரோ இரும்புக் கட்டுக்கம்பியை எடுத்துச் சுற்றியிருக்கிறார்கள். பிரித்து எறியுங்கள், எஃகில் பட்ட துருக்கறையைச் சமையல் சோடா பசையால் தேய்த்தால் போய்விடும்.

வெள்ளைப் படலம்தான் ஏமாற்றும். உடனே ஒட்டும் சூப்பர் க்ளூ காயும்போது அதன் ஆவி பக்கத்தில் படிந்து வெள்ளையாகப் பூக்கும். தண்ணீரில் உள்ள உப்பும் அதே மாதிரி படியும். ஒரு மணியில் மட்டும் வினிகர் வைத்துப் பாருங்கள். கரைந்தால் உப்பு, கரையாவிட்டால் பசை. பசை என்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சு உதவும். அது சில மணிகளின் சாயத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும் என்பதால் முதுகுப்பக்க மணி ஒன்றில் முயன்றுவிட்டுத் தொடருங்கள்.

மணியே வெளுத்தால், அது சாயம் ஏற்றிய மணி, அல்லது மேலே உலோகப் பூச்சு போட்டது, அல்லது துளைக்குள் வெள்ளி பூசியது. கண்ணாடியிலேயே நிறம் கலந்த மணிக்கு இது வராது. இதற்கு மருந்து இல்லை, முன்சோதனைதான் உண்டு: பத்து மணியைச் சூடான சோப்பு நீரில் ஓரிரவு ஊறப்போட்டு, காலையில் வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். தேறாதவை காட்சிக்கு வைக்கும் பொருள்களுக்குப் போகட்டும்.

அறிகுறி: வாடை வருகிறது, வரிகளுக்கிடையே அழுக்கு

மணிச்சுற்று குழிக்கு மிக அருகில் இருக்கிறது. கழுத்தில் 2 முதல் 3 சென்டிமீட்டர் வெறுமையாக விட வேண்டும். பரிமாறும் கரண்டிக்கு இன்னும் அதிகம், அது பாத்திரத்தில் ஆழமாக இறங்கும். குடிக்கும் கோப்பை என்றால் உதடு படும் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டருக்குள் மணியோ பசையோ வரவே கூடாது. பழைய மணிகளின் பூச்சில் ஈயமோ காட்மியமோ இருக்க இடமுண்டு. என்னவென்று தெரியாத மணியைச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

ஏற்கெனவே வாடை வந்த ஸ்பூனை மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு வரிகளின் வாக்கிலேயே தேய்த்து, மணிப்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தி உலர்த்துங்கள். பலர் குழியை மேலே வைத்து டம்ளரில் செருகுகிறார்கள். தண்ணீர் முழுக்கச் சுற்றுக்குள்தான் இறங்கும். ஊறப்போடவே கூடாது. மைக்ரோவேவ் பக்கமே கொண்டு போகாதீர்கள், கம்பி பொறி பறக்கும்.

அறிகுறி: மரக்காம்பில் சுற்று தளர்கிறது, கத்தியின் கைப்பிடி ஆடுகிறது

மரம் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உப்பும்போது கம்பியை நீட்டிவிடும், சுருங்கும்போது கம்பி பின்னால் வராது. சுற்றும் முன்பே மரத்துக்குச் சமையலறைக்கு ஏற்ற எண்ணெய்ப் பூச்சுக் கொடுத்துக் காயவிட்டால் குறையும். தளர்ந்துவிட்டதற்கு மேலே சொன்ன நெளிவு வைத்தியம் பலிக்கும்.

கத்தியில் ஆடுவது சுற்று அல்ல, கைப்பிடியே என்றால் அது உள்ளே வெற்றிடம் உள்ள கைப்பிடி. அலகை உள்ளே ஒட்டியிருக்கும் பசை வெந்நீரில் இளகியிருக்கிறது. மணிவேலையால் அதைச் சரிசெய்ய முடியாது; அப்படிப்பட்ட கத்தியில் சுற்றாமல் இருப்பதே மேல்.

அறிகுறி: கண்ணாடிக் கோப்பையின் தண்டில் சுற்று கலகலக்கிறது

இங்கே மட்டும் என் அறிவுரை தலைகீழ்: இறுக்காதீர்கள். கண்ணாடித் தண்டில் பிளையரை வைத்து அமுக்கினால் உடனே உடையாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், என்றோ ஒருநாள் கையில் இருக்கும்போது ஒடியும். விரலால் மட்டும், 26 கேஜ் கம்பியில் சுற்றுங்கள். கலகலப்பு வந்தால் தொங்குமணிகளின் எடைதான் காரணமாக இருக்கும். அவற்றைக் குறைத்து, சுற்றின் அடிமுனையைத் தண்டு அகலும் அடித்தட்டின் மேல் மெதுவாக உட்கார வையுங்கள். கொஞ்சம் ஆடினால் ஆடட்டும்.